பெரியவங்க கோல் அடிக்கக் கூடாது

போன அக்டோபரில் வீட்டுப் பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாய் வெட்டித் தரச் சொன்னேன். தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதா என்று கடைக்காரர் கேட்டார். இல்லை, மகளின் ஹாக்கி மட்டைக்கு என்றேன். இங்கே மெல்போர்னில் ஹாக்கி குளிர்கால ஆட்டம், ஏப்ரல் வாக்கில் தொடங்கி செப்டம்பரோடு ஓய்ந்துவிடும், அதற்கப்புறம் பெரும்பாலான பிள்ளைகள் மட்டையை மூலையில் சாத்திவிட்டுக் கடற்கரைக்கும் கிரிக்கெட்டுக்கும் போய்விடுகிறார்கள். எனக்கோ ஆட்டம் ஓய்ந்த பிறகுதான் ஹாக்கி தொடங்கும். 1989 கோடை விடுமுறையில் பெங்களூர் அலசூரில், நம் பள்ளி மைதானத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நம் பழைய மாணவர் சங்கத்திலிருந்து கேட்டபோது வேறு எதுவும் மனதில் வரவில்லை.

அந்த மைதானம் உங்களுக்கே தெரியும். மழை பெய்தால் கோல் போஸ்ட்டுக்கு முன்னால் குட்டை, வெயில் அடித்தால் செம்புழுதி. ஏப்ரல் பிறந்தால் எங்களுக்கு லீவு, பெரியவர்களின் ஹாக்கி கிளப்புக்கும் லீக் ஆட்டம் இல்லாத நாட்கள். அப்போதுதான் அவர்கள் வருவார்கள். ஃபாக்டரியில் முதல் ஷிப்ட் முடித்துவிட்டு, சைக்கிள் கேரியரில் மட்டையைக் கட்டிக்கொண்டு, அதே காக்கி பேன்ட்டோடு. யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. சீசனில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கக் கோட்டோரம் கூட்டம் நிற்கும். ஏப்ரல் மே மாதங்களில் பார்ப்பதற்கு எங்களைத் தவிர ஆள் கிடையாது, நாங்கள் ஏழெட்டுப் பையன்கள், பாதிப் பேருக்குக் காலில் கான்வாஸ் ஷூகூட இல்லை.

அவர்களில் மூத்தவர் சுபேதார் ஐயா. வேலூர்ப் பக்கத்துக்காரர், எம்.ஈ.ஜி.யில் இருந்து ஓய்வு பெற்று மர்ஃபி டவுனில் குடியிருந்தார். எம்.ஈ.ஜி. என்றால் அலசூர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம், ஆனால் இந்த மலரை வாசிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், 1780இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவப் படை அது, பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் வேலை, அந்தப் படையில் சிப்பாய்களுக்குப் பெயரே ‘தம்பி’தான். ஐயா இருபது வருஷத்துக்கு மேல் தம்பியாக இருந்துவிட்டு வந்தவர் என்பதால் எங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார். எங்கள் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும், இருந்தாலும் தம்பிதான்.

முதல் நாள் மட்டையையே தொடவிடவில்லை. எல்லோரையும் ஒரு கோல் லைனில் வரிசையாக நிறுத்தி, எதிர் கோல் லைன்வரை குனிந்தபடியே நடந்து கல் பொறுக்கச் சொன்னார். முந்தின வருஷம் ஒரு பையனுக்கு, உருண்டு வந்த பந்து சின்னக் கல்லில் பட்டு எகிறி முன்பல் உடைந்திருந்தது. கல் பொறுக்கும் வரிசையில் நான் ஓரத்தில் இருந்தேன். என் பக்கத்தில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தவர் கிளப்பின் கேப்டன், நடுக்களத்தில் சென்டர் ஹாஃப் ஆடும் குடகு அண்ணன். லீக்கில் அவர் பந்தை வாங்கித் திரும்பினாலே கோட்டோரம் சத்தம் எழும். அவர் சட்டையின் கீழ்ப்பகுதியை மடியாகப் பிடித்து அதில் கல் சேர்த்துக்கொண்டே, ஏரிப் பக்கம் இருக்கிற மூலையில் கண்ணாடித் துண்டு கிடக்கும், நீ போகாதே, நான் பார்த்துக்கிறேன் என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் முதல் ஞாயிறு கல் பொறுக்குவதில்தான் தொடங்கும், ஒவ்வொரு வருஷமும் முதலில் குனிகிறவர் கேப்டனாகத்தான் இருப்பார்.

இப்போது அந்தக் குழாய்க்கு வருகிறேன். ஹாக்கி மட்டையில் இடது பக்கம் மட்டும்தான் தட்டை, வலது பக்கம் உருண்டை, தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். அதனால் பந்தை வலமிருந்து இடம் தள்ளுவது சுலபம், இடமிருந்து வலம் இழுக்க வேண்டுமென்றால் மட்டையை அப்படியே கவிழ்த்து மூக்கு தரையைப் பார்க்கும்படி திருப்ப வேண்டும். புதிதாக ஆடுகிறவர்கள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை முறுக்குவார்கள், மட்டை பாதி திரும்பும், பந்து போய்விடும். ஐயா என் மட்டையின் கைப்பிடி வழியாக ஒரு குழாயை நுழைத்து, வலது கையால் குழாயைப் பிடி, இடது கையால் மட்டையைப் பிடி என்றார். குழாய் லொடலொடவென்று இருக்கும். இடது கை திருப்பினால் மட்டை குழாய்க்குள் தாராளமாகச் சுழலும். வலது கை எவ்வளவு முரண்டு பிடித்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

“வலது கை விருந்தாளிடா தம்பி. வீட்டுக்காரன் இடது கை. விருந்தாளி சமையல் கட்டுல நுழையக் கூடாது.”

நாலு நாள் பந்தே இல்லாமல் வெறும் மட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தேன். இடது முன்னங்கை வீங்கிவிட்டது, ராத்திரி சாப்பிடும்போது தம்ளரைத் தூக்கினால் கை நடுங்கியது. அம்மா தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஐந்தாம் நாள் பந்து வைத்தார்கள், பத்தாம் நாள் குழாயைக் கழற்றினார்கள். குழாய் இல்லாமல் முதல் தடவை பந்தை இழுத்தபோது மட்டை தானாகவே திரும்பியது, பந்து காலுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தது, நான் நிமிர்ந்து ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, அடுத்த பையனின் மட்டையில் குழாயை நுழைத்துக்கொண்டிருந்தார்.

மட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது மட்டை என்றால் முசுக்கட்டை மரம், பிரம்புக் கைப்பிடி. பெரியவர்கள் ஆடி உடைந்ததும் விரிந்ததும்தான் எங்களுக்கு வரும். குடகு அண்ணன் மே மாதத்தில் இரண்டு ஞாயிறு முழுக்க மட்டை செப்பனிடுவதிலேயே செலவழிப்பார். விரிசலில் பசை ஊற்றி, நூல் சுற்றி, மேலே டேப் ஒட்டி, கைப்பிடிக்குப் பழைய சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றுவார். எனக்குக் கிடைத்ததில் மூன்று இடத்தில் ஒட்டு இருந்தது. அந்த 1989இல்தான் தன்ராஜ் பிள்ளை இந்திய அணிக்கு வந்தார். புனே பக்கம் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், உடைந்த மட்டையிலும் தூக்கிப் போட்ட பந்திலும் ஆடிப் பழகியவர், அண்ணன் ரமேஷ்தான் அவரை மும்பைக்கு அழைத்துப் போய் வழிகாட்டினார் என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. படித்தபோது எனக்கு அந்த மூன்று ஒட்டுதான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேட்ச். பெரியவர்கள் ஐந்து பேர், பையன்கள் ஐந்து பேர் என்று கலந்து பக்கத்துக்கு ஐந்து. இதில் ஒரே ஒரு சட்டம்: பெரியவங்க கோல் அடிக்கக் கூடாது. எவ்வளவு நல்ல வாய்ப்பு வந்தாலும் கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டமான டி-க்குள் பையனுக்குத்தான் கொடுக்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இதனால் என்ன ஆனது என்றால், லீக்கில் பெயர் வாங்கிய ஐந்து பேர் ஒன்றரை மணி நேரம் முழுக்க, எங்களை எங்கே நிறுத்தினால் பந்து வரும், எந்தக் காலுக்குக் கொடுத்தால் எங்களால் அடிக்க முடியும் என்பதையே யோசித்துக்கொண்டிருந்தார்கள். நான் ரைட் இன், முன்வரிசையில் வலது பக்கம் ஆடுகிறவன். முதல் வாரம் குடகு அண்ணன் கொடுத்த பந்துகளில் ஒன்றையும் நிறுத்தவில்லை, எல்லாம் மட்டைக்கு அடியிலோ மேலேயோ போனது. ஒவ்வொன்று போகும்போதும் நான் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பேன். அவர் கன்னடம் கலந்த தமிழில் ஒன்றுதான் சொல்வார்: “நில்லு, இன்னொண்ணு பர்த்தாயிதே.” வந்துகொண்டே இருக்கிறது என்று. நிஜமாகவே வந்துகொண்டே இருந்தது. எப்போது நிறுத்த ஆரம்பித்தேன் என்று நாள் கணக்கு நினைவில்லை.

கோல்கீப்பர் அண்ணன் இன்னொரு ரகம். பேசவே மாட்டார். எங்களில் மிகக் குள்ளமான பையன் ஒருவன் கோல் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அண்ணன் தன் கால் கவசத்தையே, அந்தப் பெரிய பேடையே, அவனுக்குக் கட்டிவிட்டார், அது அவன் இடுப்பு வரை வந்தது, நடக்கவே முடியவில்லை. அவனைக் கோலுக்குள் நிறுத்தி முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பினார். கோலின் அடியில் 46 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பலகை இருக்கும், பெனால்டி கார்னரில் முதல் அடியாக ஹிட் அடித்தால் அந்த உயரத்துக்கு மேல் போகும் பந்து கோல் கிடையாது. அண்ணன் முதுகுக்குப் பின்னாலிருந்து பந்தை அடித்து, பலகையில் பட்ட சத்தத்தை மட்டும் வைத்து எந்த மூலை என்று சொல்லச் சொன்னார். இடது, வலது, நடு. ஒரு மாதம் அவன் அதையே செய்தான். பலகைச் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் அவனை விட்டுப் போனது. பின்னாளில் அவன் ஹாக்கியை வைத்தே ராணுவத்தில் சேர்ந்தான். அந்தப் பேடு மழையில் நனைந்து கனத்துப் போன நாட்களில் அண்ணனும் அவனும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் காம்பவுண்டு சுவரில் காயப்போடுவது இன்னும் கண்ணில் நிற்கிறது.

1991 டிசம்பரைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். காவிரிக் கலவரம், ஊரடங்கு, எங்கள் தெருவில் தமிழில் பேசவே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்ட நாட்கள். நான் பத்தாம் வகுப்பு. ஊரடங்கு தளர்ந்த ஒரு மத்தியானம் சைக்கிள் மணி கேட்டது. குடகு அண்ணன். ஒவ்வொரு பையனின் வீடாகப் போய், எல்லோரும் பத்திரமா, அரிசி பால் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தார். கேரியரில் மட்டை கட்டியிருக்கும் இடத்தில் இரண்டு பிரெட் பாக்கெட். அப்பா உள்ளே வரச் சொன்னார், நேரமில்லை, இன்னும் நாலு வீடு பாக்கி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அவரை எந்த மொழிக்காரர் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைக்கவில்லை, எங்கள் கேப்டன் வந்துவிட்டுப் போனார் என்றுதான் அப்பா பக்கத்து வீட்டில் சொன்னார்.

1997இல் அவர் எங்களை விட்டுவிட்டு ஏப்ரலில் ஊருக்குப் போனார். குடகில் குடும்பங்களுக்கு இடையிலான ஹாக்கித் திருவிழா தொடங்கிய வருஷம் அது. ஒரு குடும்பப் பெயர் என்றால் ஒரு அணி. இந்தியாவுக்கு ஆடியவரும், எட்டாவது படிக்கும் அவர் தம்பி மகனும், சித்தியும் ஒரே அணியில் இறங்குவார்கள். முதல் வருஷம் 60 குடும்பங்கள், இப்போது நூற்றுக்கணக்கில் வருகின்றன. திரும்பி வந்த அண்ணனிடம் எத்தனை கோல் அடித்தீர்கள் என்று கேட்டோம். ஒன்றுமில்லை, என் அண்ணன் பையன் ஒன்று அடித்தான் என்றார், முகமெல்லாம் சிரிப்பு.

அடுத்த வருஷம் டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தைச் சுபேதார் ஐயா வீட்டு டி.வி.யில் பதினைந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். தென் கொரியாவோடு 1-1, பெனால்டி ஷூட் அவுட்டுக்குப் போனது. நம் பெங்களூர் ஆஷிஷ் பல்லால் கோலில் நின்றார். அவர் தடுத்தபோது கோல்கீப்பர் அண்ணன் எழுந்து நின்று, அந்தக் குள்ளப் பையனின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இந்தியா 4-2. தன்ராஜ் கேப்டன், 32 வருஷத்துக்கு அப்புறம் ஆசிய விளையாட்டில் தங்கம். ஐயா டி.வி.யை அணைத்துவிட்டு, நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடுங்க என்றார். வழக்கமாக டிசம்பரில் யாரும் கூப்பிட மாட்டார்கள். மறுநாள் அத்தனை பேரும் போயிருந்தோம்.

ஐயா இப்போது இல்லை. கோல்கீப்பர் அண்ணன் மகனோடு ஓசூரில் இருக்கிறார். அவர்கள் செய்த வேலையைப் பெரிய அளவில் செய்கிறவர்கள் நம் ஊரிலேயே இருப்பது எனக்குச் சந்தோஷம். இந்திய அணியின் முன்னாள் கேப்டன் ஜூட் ஃபெலிக்ஸ் 2009இல் தொடங்கிய அகாடமியில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார், அவருக்கு 2020இல் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது. வெளியூரிலும் உண்டு: இந்திய அணியின் கோல்கீப்பராக இருந்த கேரளத்து ஸ்ரீஜேஷ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு பேடைக் கழற்றிவிட்டு நேராக ஜூனியர் அணியின் பயிற்சியாளராகப் போனார்.

நம் மைதானத்தில் இப்போது ஞாயிறு காலை ஆறரைக்கு வருகிறவர் அந்தக் குள்ளப் பையன்தான், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டான். போன ஜனவரியில் போய் நின்றேன். 12, 13 வயதில் பதினான்கு பிள்ளைகள், அதில் ஐந்து பெண்கள், மட்டை எட்டுதான். முதலில் எல்லோரும் கோல் லைனில் நின்று கல் பொறுக்கினார்கள், நானும் பொறுக்கினேன். மேட்ச் தொடங்கும்முன் அவன் என்னிடம் வந்து, உனக்குச் சட்டம் ஞாபகம் இருக்குல்ல என்று கேட்டான்.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் ஊருக்குப் போகிறவர்கள் யாராக இருந்தாலும், பெட்டியில் இடமிருந்தால் உங்கள் பிள்ளைகள் ஆடி முடித்த 34, 35 அங்குல மட்டைகளையும் ஷின் கார்டுகளையும் எடுத்துப் போங்கள். பெரியவர்கள் ஆடும் நீள மட்டை வேண்டாம், அது போதுமான அளவு இருக்கிறது. கோல்கீப்பர் பேடு சிறிய அளவில் ஒரு ஜோடி யாரிடமாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், பார்சல் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். கோல் நிற்க வேண்டும் என்று ஒரு பெண் பிடிவாதம் பிடிக்கிறாளாம்.