படப்பிடிப்பு முடிந்த பிறகு: ஓர் உப்பள ஆவணப்படத்தின் கதை

ஆவணப்படம் எடுக்க ஆசைப்படும் தம்பி, தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது கேமராவைப் பற்றித்தான். எந்த பாடி வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது, 4கே போதுமா என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். ஆனால் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய படத்தை எடுத்து முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேமராவைப் பைக்குள் வைத்த பிறகுதான் பாதிக்கும் மேற்பட்ட வேலை இருந்தது. படம் என்று ஒன்று உருவானதே அப்போதுதான். அந்தக் கட்டத்தைப் பற்றித் தமிழில் அதிகம் யாரும் எழுதுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில். தை, மாசியில் பாத்தி தயார் செய்தால் புரட்டாசி வரைக்கும் வேலை ஓடும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அளத்தில் வேலை கிடையாது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் இருட்டிலேயே இறங்கிவிடுவார்கள். வாருகிறவர்கள், சுமக்கிறவர்களில் பெண்கள் நிறைய. நான் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் 2023 டிசம்பர் 17, 18 பெருமழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. பாத்திகள் மூழ்கின. விற்காமல் சேர்த்து வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்து போயின. ஆக, மழைக்கு முன் எடுத்தது, மழைக்குப் பின் எடுத்தது என்று என் கையில் இரண்டு படங்களுக்கான காட்சிகள் இருந்தன.

அவ்வளவும் ஹார்ட் டிஸ்கில் வந்து சேர்ந்தபோது நான் செய்த முதல் வேலை மூன்று பிரதி எடுத்தது. இரண்டு டிஸ்க் என் வீட்டில் இருந்தன, ஒன்றைத் திருநெல்வேலியில் ஒரு நண்பர் வீட்டு பீரோவில் வைத்தேன். தூத்துக்குடிக் காற்றில் உப்பு இருக்கிறது, மின்னணுச் சாமான்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதோடு, மழையில் கரைந்துபோன அந்த அம்பாரங்களை மறுபடி எடுக்க முடியாது. புதிதாக வருகிறவர்கள் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

அடுத்தது எழுத்துப்படி. பேட்டிகளில் பேசியது எல்லாவற்றையும், ஒரு வரி விடாமல், நானே தட்டச்சு செய்தேன். சில நண்பர்கள், "இப்போதான் மென்பொருள் இருக்கே, அதுவே எழுதித் தந்துடுமே" என்றார்கள். அறைக்குள் உட்கார்ந்து பேசிய ஒரு அதிகாரியின் பேட்டிக்கு அது ஓரளவு உதவியது. அளத்துக்குள் எடுத்த பேட்டி எதற்கும் உதவவில்லை. ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் உப்புத் தண்ணீர் இறைக்கும் மோட்டார், நடுவில் தூத்துக்குடிப் பேச்சின் வேகம். உட்கார்ந்து கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அப்படிக் கேட்க வேண்டியிருந்ததுதான் நல்லதாயிற்று என்று இப்போது நினைக்கிறேன்.

கணினியில் ஒரு அட்டவணை போட்டுக்கொண்டேன். கோப்பின் பெயர், டைம்கோட் (காட்சி எத்தனையாவது நிமிடம், நொடியில் வருகிறது என்ற எண்), பேசுகிறவர் யார், என்ன பேசினார் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியில் ஒரு கட்டத்தைத் தனியாக ஒதுக்கி, பேச்சைத் தவிர அங்கே என்ன நடந்தது என்பதை எழுதினேன். இந்தக் கடைசிக் கட்டத்தைப் பலரும் போடுவதில்லை. என் படத்தைக் காப்பாற்றியது அதுதான். ஓர் உதாரணம் தருகிறேன். ஓர் ஆச்சியிடம் கூலியைப் பற்றிக் கேட்கிறேன். தொகையைச் சொல்கிறார், போன வருசம் எவ்வளவு என்று சொல்கிறார், அப்புறம் பேச்சு நிற்கிறது. அந்த இடத்தில் என் அட்டவணையில் இருப்பது இது: "பேச்சில்லை. மோட்டார் சத்தம். வலது உள்ளங்கையில் ஒட்டின உப்பை இடது கட்டைவிரலால் தேய்த்து எடுக்கிறார். கேமராவைப் பார்க்கவில்லை. பிறகு, 'வேற என்னய்யா கேக்கணும்' என்கிறார்." பேச்சை மட்டும் எழுதியிருந்தால் கூலித் தொகை ஒரு தகவலாக நின்றிருக்கும், அந்த மௌனம் கணக்கில் வந்திருக்காது. படத்தில் இப்போது அந்த மௌனம் வெட்டில்லாமல் முழுதாக இருக்கிறது. தொகையைச் சொல்லும் பகுதியைத்தான் சுருக்கினோம்.

எழுத்துப்படி முடிந்ததும் அதை அச்சடித்து, பேச்சுத் துண்டுகளைக் கத்தரித்து, சுவரில் ஒட்ட ஆரம்பித்தேன். வெளிநாட்டுக்காரர்கள் மாதிரி வண்ண அட்டையெல்லாம் தேவையில்லை, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். மழைக்கு முன் எடுத்தவை நீல மையில், பின் எடுத்தவை சிவப்பு மையில். எதற்குப் பின் எது வந்தால் பேச்சு நகர்கிறது, எங்கே ஒரே விஷயத்தை மூன்று பேர் திருப்பிச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் சுவரில் பளிச்சென்று தெரியும். கணினியில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் தெரியாது. அங்கே ஒவ்வொரு துண்டும் அழகாக இருக்கும், எதையும் எடுக்க மனசு வராது.

இந்த இடத்தில் ஏ.கே. செட்டியாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காந்தியைப் பற்றிய படத்துக்காக அவர் நாடு நாடாக அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். அவற்றை அடுக்கிக் கோத்து 1940-இல் தமிழில் வெளியிட்டார். தமிழ் ஆவணப்படத்தின் தொடக்கக் காலத்திலேயே தேடுவதும் கேட்பதும் அடுக்குவதும்தான் பெரிய வேலையாக இருந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு விஸ்காம் வகுப்பில் இதைச் சொல்லித் தர வேண்டும்.

படத்தில் விளக்கக் குரல் வைப்பதா வேண்டாமா என்று நானும் படத்தொகுப்பாளரும் நிறையப் பேசினோம். பெரியவர்களுக்கு நினைவிருக்கும், முன்பு தியேட்டரில் படம் தொடங்கும் முன் பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படம் ஓடும். கணீரென்று ஒரு குரல் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போகும். 1948-இல் தொடங்கிய அந்த அரசு நிறுவனம் அருமையான படங்களையும் தந்திருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குரலின் பழக்கம் நம்மை இன்னும் விடவில்லை. உப்பு எப்படி விளைகிறது என்று நான் சொல்லத் தேவையே இல்லை. உப்புத் தண்ணீரின் அடர்த்தியை டிகிரியில் அளந்து அடுத்த பாத்திக்கு மாற்றுகிற அண்ணாச்சி, இருபத்தைந்து டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால்தான் உப்பு இறங்கும் என்பதை என்னைவிட நன்றாகச் சொல்கிறார். அவர் சொல்லும்போது கையில் அளக்கும் குழாய் இருக்கிறது, அதுவும் தெரிகிறது. குரல் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். தேவையான மூன்று நான்கு தகவல்களை மட்டும் எழுத்தாகப் போட்டோம்.

ட்ரோன் காட்சியும் வேண்டாம் என்று தள்ளினோம். மேலிருந்து பார்த்தால் பாத்திகள் கட்டம் கட்டமாக, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக அவ்வளவு அழகு. எனக்கு அந்த அழகின் மேல்தான் சந்தேகம். அந்த உயரத்திலிருந்து ஆட்கள் புள்ளிகளாகிவிடுகிறார்கள், கால் தெரியாது. உப்பளப் படத்தில் கால் தெரியாவிட்டால் என்ன படம்? கேமரா எங்கேயும், நின்று வேலை செய்கிறவரின் தோளுக்கு மேலே போகக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம். கடைசிவரை மீறவில்லை.

ரஃப் கட், அதாவது முதல் கட்டத் தொகுப்பு, தயாரானதும் அதை முதலில் காட்டியது படத்தில் இருக்கிறவர்களுக்கு. ஒரு வீட்டு முற்றத்தில் வேட்டியைக் கட்டி, வாடகை புரொஜெக்டரில் போட்டோம். இதைச் செய்யாமல் எந்த ஆவணப்படத்தையும் முடிக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. கூலி பற்றிப் பேசிய ஒருவர், தான் பேசிய ஒரு பகுதியை எடுத்துவிடச் சொன்னார். காரணம் கேட்கவில்லை, எடுத்துவிட்டோம். படத்துக்கு அது நல்ல பகுதிதான், ஆனாலும் அவர் நாளைக்கும் அங்கேதான் வேலைக்குப் போக வேண்டும். எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைத்திருந்தாலும் இதில் அந்தக் காகிதத்தைக் காட்டுவது முறையாகாது.

இன்னொரு அக்கா கேட்ட கேள்வி படத்தின் அமைப்பையே மாற்றியது. "வாருறத மட்டும்தான காட்டுதீய, பாத்தி மிதிச்சது எங்க?" என்றார். சீசன் தொடங்கும் முன் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் உப்பு சேறு கலந்து வரும். மற்ற எல்லா வேலைக்கும் அடிப்படை அது. பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் இராது: வரிசையாக ஆட்கள் நின்று மிதிப்பார்கள், அவ்வளவுதான். வெள்ளை வெளேரென்ற உப்புக் காட்சிகள் இருக்கும்போது அந்தச் சேற்றுக் காட்சிக்கு யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் எழுத்துப்படியில் "மிதி" என்று போட்டுத் தேடினேன். வரிசையாக வந்தது. கிட்டத்தட்ட எல்லோருமே எங்கோ ஓரிடத்தில் மிதிப்பதைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். இடுப்பு வலி, காலில் வந்த புண், மிதிக்கும்போது பாடிய பாட்டு, முதன்முதலில் அம்மாவோடு மிதிக்கப் போன வயசு. மழைக்குப் பின் எடுத்த பேட்டிகளில் அதே பேச்சு வேறு மாதிரி வந்தது: மிதித்து இறுக்கிய தரையெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து மிதிக்க வேண்டும். என் கையிலிருந்த இரண்டு படங்களையும் ஒன்றாக்கும் முடிச்சு இதில் இருந்தது. படம் இப்போது மிதிப்பதில் தொடங்குகிறது. நடுவில் மழை வருகிறது. அப்புறம் மறுபடி மிதிக்கிறார்கள்.

பிக்சர் லாக் ஆனதும், அதாவது இனி காட்சிகளில் வெட்டு மாறாது என்று முடிவானதும், ஒலி. படப்பிடிப்பில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் வெறும் சூழல் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருந்தோம். பேச்சை வெட்டி ஒட்டிய இடங்களில் சத்தம் துள்ளாமல் இருக்க அதைத்தான் அடியில் விரித்தோம். காலர் மைக்குக்குக் காற்று உறை போட்டும் கடற்காற்று சில பேட்டிகளில் புகுந்திருந்தது. முழுக்கச் சுத்தம் செய்தால் குரல் தகரம் மாதிரி ஆகிவிடும், அதனால் கொஞ்சம் காற்றை விட்டு வைத்தோம். இசை சேர்க்கவில்லை. பலகையால் உப்பை வாரும்போது வரும் அந்தக் கரகரப்புக்கு மேலே எந்த வாத்தியமும் தேவைப்படவில்லை.

ஆங்கிலத் துணையுரை (சப்டைட்டில்) நினைத்ததைவிடக் கடினம். ஒரு வரிக்கு 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரிதான் என்பது பொதுவான அளவு. நம் ஆட்கள் ஒரே மூச்சில் பேசுவது அதற்குள் அடங்காது. மொழிபெயர்த்ததைத் தமிழ் தெரியாத ஒரு தோழியிடம் கொடுத்து, ஒலியில்லாமல் படித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் தடுமாறிய இடத்தையெல்லாம் சுருக்கினோம். இந்த வேலைக்கு ஆள் வைத்தால் காசு கொடுத்தே வையுங்கள், கடைசி நேரத்தில் ஓசியில் முடிக்கிற வேலை இல்லை.

பொதுத் திரையிடலுக்கு ஆவணப்படமும் சினிமா சட்டத்தின்படி தணிக்கைச் சான்று வாங்க வேண்டும். விண்ணப்பம் இணையத்தில்தான். படத்தின் சுருக்கம், வசனம் முழுவதும் எழுத்தில் கேட்பார்கள். எழுத்துப்படி கையில் இருந்ததால் எனக்கு அது எளிதாக முடிந்தது. ஒருவர் பீடி பிடிக்கும் காட்சி இருந்தது, அங்கே கீழே எச்சரிக்கை வாசகம் போட வேண்டும். சட்டத்தில் 2023-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு யுஏ சான்று (சிறுவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பது) 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். திரைப்பட விழாக்களுக்கு மத்திய அரசிடமிருந்து விலக்கு வாங்கும் வழி உண்டு, அதை விழா நடத்துகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். இந்த விஷயத்தில் நமக்கு முன்னால் நின்றவர்களை மறக்கக் கூடாது. 2004 மும்பை சர்வதேச ஆவணப்பட விழாவையொட்டி இந்தியப் படங்களுக்குத் தணிக்கைச் சான்று கட்டாயம் என்று வந்தபோது, ஆவணப்பட இயக்குநர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். அந்த விழா நடந்த நேரத்திலேயே விகல்ப் என்ற பெயரில் தனியாகத் திரையிடலும் நடத்தினார்கள்.

விழாக்களுக்கு அனுப்பும்போது இரண்டு விஷயம். ஒன்று, பல விழாக்கள் முதல் திரையிடல் தங்களிடமே நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும், ஆகவே அவசரப்பட்டு யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். இரண்டு, நுழைவுக் கட்டணம். வெளிநாட்டு விழாக்களுக்கெல்லாம் கட்டினால் எடிட்டிங் செலவைத் தாண்டிவிடும். திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்திர அகாதமி நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. மதுரையில் 1998-லிருந்து ஆவணப்பட, குறும்பட விழா நடக்கிறது. இவற்றில் உட்கார்ந்து நான்கு நாள் படம் பார்ப்பதே ஒரு படிப்பு. எனக்கு நிராகரிப்புக் கடிதங்களும் வந்தன. காரணம் எழுதியிருக்க மாட்டார்கள், அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

வருமானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படம் அதன் செலவைத் திருப்பித் தரவில்லை. என் குடும்பம் ஓடுவது கல்யாண வீடியோவிலும் தொண்டு நிறுவனங்களுக்கு எடுத்துத் தரும் சிறு படங்களிலும் கல்லூரிப் பயிலரங்குகளிலும். அந்த வேலைகளை நான் குறைவாக நினைப்பதில்லை. கூட்டத்துக்குள் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்று முகம் பார்த்து எடுக்கும் பழக்கம் கல்யாண வீடுகளில்தான் வந்தது.

படத்தில் பேசிய எல்லோருக்கும் பென் டிரைவில் பிரதி கொடுத்தாயிற்று. இப்போது தொழிற்சங்க அரங்குகளிலும் கல்லூரிகளிலும் திரையிட்டுவருகிறோம். கூப்பிடுகிற இடத்துக்கு வருகிறேன், படம் முடிந்து பேசவும் தயார். பெரிய திரை இல்லாவிட்டால் பரவாயில்லை, வெள்ளைச் சுவர் போதும். ஸ்பீக்கர் மட்டும் நல்லதாக ஏற்பாடு செய்யுங்கள்.