அப்பாவின் இடுப்பில் இருந்த கறுப்புப் பொருக்கு

காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள்தான் அப்பாவின் கைலி முடிச்சுக்குக் கீழே அந்தக் கறுப்புப் பொருக்கு கண்ணில் பட்டது. அதையும் நாங்கள் பார்க்கவில்லை, மருத்துவமனை டாக்டரம்மாதான் பார்த்தார்.

அப்பா பாலிக் புலாவில் தெரிந்தவருடைய டுரியான் தோட்டத்துக்குப் புல் வெட்டப் போவார். காய்ச்சலும் தலை பிளக்கிற வலியும் வந்தால் பினாங்கில் யாருக்கும் முதலில் டெங்கி நினைவுதான். பக்கத்துக் கிளினிக்கில் இரண்டு முறை டெங்கிச் சோதனை செய்தார்கள், இரண்டிலும் இல்லை. பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். தோட்டம், காடு என்று எங்காவது போனாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த நாட்கள் வீணாய்ப் போனதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

டாக்டரம்மா கேட்டார். அப்புறம் அக்குள், முட்டி மடிப்பு, முதுகு என்று தேடினார். "அங்கிள், கைலியைக் கொஞ்சம் தளர்த்துங்க." அப்பாவுக்குக் கூச்சம். "எறும்பு கடிச்சதும்மா, வலியே இல்ல" என்றார். வலிக்காததும் ஓர் அடையாளமாம். பச்சைப்பயறு அளவில் கரிக் கறுப்பு, சுற்றிச் சிவப்பு வளையம். சிகரெட்டால் சுட்டது போலவே இருந்தது.

உண்ணி கடித்து வரும் ரிக்கெட்சியா காய்ச்சலாக இருக்கலாம், கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வரும் ஸ்கிரப் டைபஸாகவும் இருக்கலாம் என்றார். முதல் வாரத்தில் ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம், தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, உடம்பு அதை உண்டாக்கவே நாள் பிடிக்கும். பிசிஆர் என்ற சோதனை கிருமியின் மரபுப்பொருளையே, இங்கே டிஎன்ஏவை, தேடுகிறது. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே முறை. ஆனால் இந்தக் கிருமிகள் ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களுக்குள் குடியிருப்பவை, ரத்தத்தில் குறைவாகவே இருக்கும். அதனால் ரத்தத்தில் மட்டும் தேடினால் தப்பிவிடலாம். பொருக்கில்தான் அதிகம் கிடைக்கும்.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு இடுக்கியால் பொருக்கின் ஓரத்தை மெல்லத் தூக்கி, ஒரு சின்னக் குப்பிக்குள் போட்டார்கள். அடியில் ஈரமாக இருந்த புண்ணில் பஞ்சுக் குச்சியைச் சுழற்றித் தேய்த்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

மாதிரி எடுத்த கையோடு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று. மருந்து உள்ளே போனால் கிருமியின் தடம் குறைந்துவிடும், அதனால்தான் மாதிரி முதலில். அதற்காக முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது, நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய்விடும் என்றார். சரி, இது ஏதோ புதிய நோய் என்று நினைத்தேன். இல்லை. 1948இல் நம் கோலாலம்பூரில்தான் ஸ்கிரப் டைபஸ் நோயாளிகளுக்குக் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில் தோட்டத்துக்குப் போய் வந்தவர் காய்ச்சலோடு வந்தால், கிளினிக்கிலேயே உடம்பைத் தேடிப் பார்க்க வேண்டாமா?

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கி, அப்பா கஞ்சி கேட்டார். நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. ரத்தத்தில் இல்லை. பொருக்கில் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி, ஸ்கிரப் டைபஸ் கிருமி. ரத்தத்தை மட்டும் அனுப்பியிருந்தால் அப்பாவுக்கு வந்தது இன்னதென்று தெரியாமலே போயிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து ஆன்டிபாடி ஏறியிருக்கிறதா என்று பார்க்க மறுபடி ரத்தம் கொடுக்கப் போனோம். டாக்டரம்மா வாயைத் திறக்கும் முன்பே அப்பா கைலியைத் தளர்த்திக் காட்டினார். பொருக்கு இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல்.