இமயத்தின் மேல் புள்ளி வைப்பது

இமயமலைப் பகுதியின் நிலநடுக்கங்களை, பழையவையும் புதியவையுமாக, ஒரே வரைபடத்தில் கொண்டுவரச் சில மாதங்களாக முயன்று வருகிறேன். அண்மைக் காலத்தவற்றைப் பதிவது எளிது. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் பட்டியலை இறக்கிக்கொண்டால் நாள், நேரம், இடம், ஆழம், அளவு எல்லாம் வரிசையாகக் கிடைத்துவிடும். ஆனால் அதில் ஆழத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்து வந்தால், 10 கிலோமீட்டர், 33 கிலோமீட்டர் என்ற இரண்டு எண்களே திரும்பத் திரும்ப வரும். அருகில் போதிய நிலநடுக்கமானிகள் இல்லாமல் ஆழத்தைக் கணிக்க முடியாதபோது வழக்கமாகப் போட்டுவைக்கும் எண்கள் அவை. அந்தப் புள்ளிகளுக்குச் சாம்பல் நிறம் தீட்டினேன்.

பெரிய நிலநடுக்கங்களில் புள்ளியே சிக்கலாகிவிடுகிறது. 1934 ஜனவரி 15 அன்று பிகாரின் முங்கேரும் முசாபர்பூரும் பாழாகி, வயல்களில் நிலம் வெடித்து மணலும் நீரும் பீறிட்டதால், அதன் மையமும் பிகாரிலேயே இருந்ததாக நெடுங்காலம் கருதப்பட்டது. பிற்கால ஆய்வுகளோ அதைக் கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்டுக்குத் தெற்கே கொண்டுபோய் வைத்தன. கங்கைச் சமவெளியின் நீர் ஊறிய வண்டல்தான், தொலைவில் பிறந்த அதிர்வில் சேறாய் இளகி, அத்தனை வீடுகளையும் சாய்த்திருக்கிறது.

2015 ஏப்ரல் 25 அன்று நேர்ந்த 7.8 அளவு நிலநடுக்கத்தின் மையம் நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில் இருந்தது. ஆனால் அங்கே தொடங்கிய பிளவு, காத்மாண்டுவுக்கு வடக்காகக் கிழக்கு நோக்கி ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓடியது. மிகுதியான உயிர்கள் பறிபோனது காத்மாண்டுவுக்கு வடகிழக்கே உள்ள சிந்துபால்சோக் மாவட்டத்தில். கோர்க்காவில் ஒரு வட்டத்தை மட்டும் போட்டு அந்த மக்களை வரைபடத்துக்கு வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, பெரியவற்றுக்கெல்லாம் பிளவு பரவிய நீளத்தைப் பட்டையாக வரைந்தேன்.

அப்படி வரைந்த பிறகுதான் 1905இல் நடுங்கிய இமாச்சலத்தின் காங்க்ராவுக்கும் 2015இன் கோர்க்காவுக்கும் நடுவே கிடக்கும் வெற்றிடம் கண்ணை உறுத்தியது. 1803இல் அங்கே, இன்றைய உத்தராகண்டின் கட்வால் குலுங்கியது உண்மைதான். ஆனால் அங்கே அளவில் எட்டைத் தாண்டியதாகக் கருதப்படும் பேரதிர்வு என்றால் 1505 ஜூன் 6க்குப் போக வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வீதம் புவித் தட்டுகள் அங்கே ஒன்றையொன்று நெருக்குகின்றன. ஐந்நூறு ஆண்டுகளில் அது 10 மீட்டர்.

அந்த 1505க்குக் கருவிப் பதிவு கிடையாது. பழைய ஏடுகளின் குறிப்புகளும், மண்ணில் தோண்டிப் பார்த்த தடயங்களுமே உண்டு. அதன் பட்டையை மட்டும் ஓரக்கோடு இல்லாமல், இரு முனைகளிலும் மங்கி மறையுமாறு தீட்டியிருக்கிறேன்.