பெரியம்மாவின் சுருக்கெழுத்துக் கொப்பிகள்

பெரியம்மா காலமான பிறகு அவருடைய வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டை ஒதுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கொழும்பில் மிஞ்சியிருக்கும் பெறாமகள் நான் ஒருத்திதான். உடுப்பு, பாத்திரம், சிங்கர் தையல் மெசின் எல்லாம் கெதியாகப் பங்குபோட்டு முடிந்தன. முடியாமல் கிடந்தது கட்டிலுக்கடியில் இருந்த றங்குப்பெட்டி. அதற்குள் 1961ஆம் ஆண்டு தொடங்கி வந்த கடிதங்கள், மணி ஓடர் துண்டுகள், ரெயில் ரிக்கற்றுகள், சவோய் தியேட்டரின் பாதி கிழித்த ரிக்கற்றுகள், தையல் மெசினுக்கு மாதத் தவணை கட்டிய அட்டை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்கள், படங்களை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எரித்துவிடு என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. இப்படியொரு பெட்டி இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால் செய்ததை எழுதுகிறேன்.

கடலுக்குப் பக்கத்து வீடு என்பதால் குண்டூசிகள் துருப்பிடித்துக் கடதாசியோடு ஒட்டிப்போயிருந்தன. அந்த ஊசியை இழுக்கக்கூடாது. ஊசியை அசையாமல் பிடித்துக்கொண்டு கடதாசியை மெதுவாக விலக்க வேண்டும். கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டவே வேண்டாம், அதன் பசை மஞ்சளாகிக் கடதாசியைப் பழுதாக்கிவிடும். இலக்கம் போடுவதென்றால் பின்பக்க மூலையில் பென்சிலால் மட்டும். எல்லாவற்றிலும் முக்கியம், கட்டுகளைக் கலைக்காதீர்கள். பெரியம்மா திகதிப்படி கட்டவில்லை, ஆள்படி கட்டியிருந்தார். அம்மப்பாவின் கட்டு தனி, பெரிய மாமாவின் கட்டு தனி. யாரை யாரோடு சேர்த்து வைத்தார், யாரைப் பிரித்து வைத்தார் என்பதும் அவர் விட்டுப்போன தகவல்தான்.

திகதி இல்லாத கடிதங்களுக்குத் தபால் கந்தோரில் குத்திய முத்திரை உதவியது. அது அழிந்த இடத்தில், ஒட்டியிருந்த முத்திரைத்தலை உதவியது: 1972 மே 22இல் நாடு குடியரசாகிப் பெயர் மாறியது, அதன்பின் வந்த தலைகளில் ‘சிலோன்’ இல்லை. எயார்மெயில் கடதாசி மெல்லியது, பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும். ஸ்கேன் பண்ணும்போது பின்னால் ஒரு கறுப்பு மட்டையை வைத்தால் அந்த நிழல் பெரும்பாலும் மறைந்துவிடும். கடிதங்களுக்கு ஸ்கேன் நுணுக்கம் 300 டிபிஐ போதும், படங்களுக்கு 600 வைத்தேன்.

இவ்வளவும் பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். உண்மையான சிக்கல் வேறு. பெட்டியில் இருந்த கடிதங்கள் எல்லாம் பெரியம்மாவுக்கு மற்றவர்கள் எழுதியவை. அவர் எழுதியது ஒன்றுகூட இல்லை. அவை ஊரில் அம்மப்பா வீட்டில் இருந்தன. 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் கடிதக்கட்டையா தூக்குவார்கள்? ஆகவே எனக்குக் கிடைத்தது ஒரு பக்கப் பேச்சுத்தான். பிள்ளையார் சுழி போட்டு, “நாங்கள் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும்” என்று தொடங்கி, “மணி ஓடர் கிடைத்தது” என்று முடியும் அம்மப்பாவின் கடிதங்களை வைத்துப் பார்த்தால், எங்கள் குடும்பம் எப்போதும் சொல்லும் கதைதான் சரிபோல இருந்தது: சகோதரங்களுக்காகக் கலியாணம் கட்டாமல் தன் வாழ்க்கையைத் தியாகம் செய்தவர்.

பெட்டியின் அடியில் சுருக்கெழுத்துக் கொப்பிகள் கிடந்தன. பெரியம்மா வெள்ளவத்தைப் பொலிடெக்னிக்கில் பிட்மன் சுருக்கெழுத்துப் படித்து, கோட்டையில் ஒரு கொம்பனியில் ஸ்டெனோவாக இருந்தவர். கந்தோர்க் கொப்பிகள்தானே என்று நினைத்தேன். ஆனால் சில பக்கங்களின் மேல் மூலையில் சாதாரண எழுத்தில் ‘அண்ணா’, ‘அப்பா’ என்றிருந்தது. வீட்டுக்கு எழுதும் கடிதங்களை முதலில் அதில் எழுதிப் பார்த்திருக்கிறார்.

வாசிக்க ஆள் தேடினேன். இப்போது யார் பிட்மன் படிக்கிறார்கள்? கடைசியில் பம்பலப்பிட்டியில் எண்பது தாண்டிய ஓர் ஓய்வுபெற்ற ஸ்டெனோ அன்ரி அகப்பட்டார். பிட்மன் ஒலியை எழுதுவது என்பதால் தமிழையும் அதில் எழுதலாம். ஆனால் வேகத்தில் உயிரொலிகளை விட்டுவிடுவார்கள், அவற்றை ஊகிக்க வேண்டும். மெல்லிய கோடு ஒரு ஒலி, அதே கோட்டை அழுத்தினால் வேறொரு ஒலி. பென்சில் மங்கி அந்த வித்தியாசமே தெரியவில்லை. “லைற்றைப் பக்கத்தால பிடி பிள்ளை” என்றார் அன்ரி. டோர்ச்சைக் கடதாசியோடு சரித்துப் பிடித்தபோது, அழுத்தி எழுதிய கோடுகள் பள்ளமாகத் தெரிந்தன. அவர் வாசிக்க வாசிக்க நான் எழுதினேன். சந்தேகம் வந்த இடங்களில், அந்தக் கடிதத்துக்கு ஊரிலிருந்து வந்த பதிலை எடுத்து ஒப்பிட்டோம்.

1968இல் பெரிய மாமா சாதகக் குறிப்போடு ஒரு சம்பந்தம் அனுப்பியிருந்தார். அதற்குப் பெரியம்மாவின் பதில்: “அவை வேலையை விடச் சொல்லீனம், காணியையும் கேக்கீனம். ரெண்டையும் குடுத்திட்டால் எனக்கெண்டு என்ன இருக்கு? அண்ணா, எனக்கு இஞ்ச ஒரு குறையும் இல்லை. விடிய கடற்கரையால நடந்து போய் ரெயின் எடுக்கிறன், சனிக்கிழமையில சவோயில படம் பாக்கிறன். எனக்கு இது பிடிச்சிருக்கு.”

அந்தக் காணி அம்மப்பா அவர் பேரில் எழுதிய நாலு பரப்பு. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட பெண் கலியாணம் கட்டினால், புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தன் சொந்தக் காணியையே விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பெரியம்மாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. இன்னொரு பக்கத்தில், “நாளைக்கு நான் ஆரிட்டையும் கையெழுத்துக் கேட்டு நிக்க மாட்டன்” என்கிறார். 1979இல் அந்தக் காணியை விற்ற உறுதியும் பெட்டியில் இருக்கிறது. விற்பவர் இடத்தில் அவருடைய கையெழுத்து மட்டும். அந்தக் காசில் வாங்கியதுதான் இந்த வீடு.

1983 ஜூலைக் கலவரத்தில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்துவிட்டுக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர், சில மாதங்களில் திரும்பிவிட்டார். “கொழும்பு என்ன உன்ர ஊரோ?” என்று பெரிய மாமா கோபமாக எழுதியிருக்கிறார். கொப்பியில் அதற்கு ஒரே வரி: “22 வருசம் சம்பளம் எடுத்த ஊர், நான் வாங்கின வீடு.”

அம்மாவுக்கு இவற்றை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப எங்களுக்காக இல்லையோ?” என்று கேட்டார். மணி ஓடர் துண்டுகளை மாதவாரியாக அடுக்கிக் காட்டினேன். தங்கச்சிமாரின் படிப்புக்கு ஒரு மாதம்கூடத் தவறாமல் அனுப்பியிருக்கிறார். அதையும் செய்தார், தன் விருப்பப்படியும் வாழ்ந்தார். தியாகம் என்று சொல்லிச் சொல்லி நாங்கள் அந்த விருப்பத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

கடிதங்களில் மற்றவர்களின் கடன், வருத்தம், முறிந்த சம்பந்தம் எல்லாம் இருந்தன. உயிரோடு இருப்பவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். வேண்டாம் என்றவர்களின் கடிதங்களை ஒதுக்கி வைத்தேன். சம்மதம் கிடைத்தவற்றின் பிரதிகளை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்க இருக்கிறேன். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருபவர்கள் அவர்கள்.

எழுபதுகளின் கொப்பிகள் இன்னும் வாசிக்கப்படவில்லை. அன்ரிக்குக் கண் சத்திரசிகிச்சை முடிந்திருக்கிறது, இப்போதைக்கு அவரைக் கரைச்சல்படுத்த முடியாது. கொழும்பில் உங்கள் வீட்டில் பிட்மன் வாசிக்கத் தெரிந்த அம்மாவோ அன்ரியோ இருந்தால் சொல்லுங்கள். கொப்பியைக் கொண்டு நானே வருகிறேன்.