வாய் திறக்கும் முன்: இம்ப்ரோவ் பயிற்சி நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

இம்ப்ரோவ் என்றால் எழுதிய வசனம் இல்லாமல் அந்த நொடியிலேயே உருவாக்கி நடிப்பது. இன்று இடம் மட்டும். இரண்டு பேர், ஒரு அடுக்களை, 3 நிமிடம், பேச்சே கிடையாது. தொடங்கும் முன் இருவரும் ஒரே தாளில் வரைந்துகொள்ள வேண்டும்: கதவு எந்தப் பக்கம் திறக்கும், அடுப்பு மேடை எங்கே, குடம் எங்கே. அரங்கில் பொருள் எதுவும் இல்லை; கை தொட்டால்தான் அது இருக்கிறது. தாளில் உள்ள அத்தனையையும் இருவரும் ஒரு முறையாவது தொட்டாக வேண்டும்.

சிகாகோவில் நாடகப் பயிற்றுநர் வயோலா ஸ்போலின் வகுத்த பயிற்சிகளின் அடித்தளம் இதுதான். 'நான் எப்படித் தெரிகிறேன்' என்ற நினைப்பிலிருந்து நடிகரை விடுவித்து, கவனத்தை ஒரு வேலையில் வைப்பது. பயிற்றுநர் ஓரத்திலிருந்து குரல் கொடுக்கலாம், ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. "குடம் நிறைஞ்சிருக்கு", "தரை ஈரம்", அவ்வளவு போதும்.

பிசகுவது விரல்களில். டம்ளரைப் பிடித்த கை வேறு நினைப்பில் தானாக மூடிக்கொள்ளும். டம்ளர் அங்கேயே காணாமல் போய்விடும். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி கடைசிவரை இருக்க வேண்டும். கீழே வைத்ததும் விரல்கள் விரிந்து விடுபட வேண்டும். இதைவிடப் பெரிய பிசகு, ஒருவர் உண்டாக்கிய அடுப்பு மேடைக்குள் மற்றவர் புகுந்து நடப்பது. அதற்குப் பிறகு பார்ப்பவர்கள் எந்தப் பொருளையும் நம்பமாட்டார்கள்.

ஜூன் 5, வியாழன்

ஸ்போலினின் வயதுப் பயிற்சி. பேருந்து நிறுத்தம், ஒரு பெஞ்சு. சீட்டில் எழுதிய வயதை எடுத்துக்கொண்டு நடிகர் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். 70 என்றதும் முதுகு வளைகிறது, கை நடுங்குகிறது, இருமல் வருகிறது. மூன்றுமே வேண்டாம். வயதைக் காட்டாமல், அந்த எண்ணை மட்டும் மனதில் வைத்து வண்டி வரும் திசையைப் பார்த்தால் போதும். உட்காரும் முன் கை பெஞ்சைத் தேடும், எழுவதற்கு ஒரு நொடி கூடும். கிழவரை நம்ப அது போதும்.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்டேட்டஸ். லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கிலும் பிறகு கனடாவின் கால்கரியிலும் நாடக இயக்குநர் கீத் ஜான்ஸ்டோன் வளர்த்த பயிற்சி. பதவியைப் பற்றியதல்ல இது. அந்த நொடியில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைப் பற்றியது. தலை அசையாமல் பேசுங்கள், மேலே போவீர்கள். முகத்தைத் தொட்டுக்கொண்டு, பார்த்துவிட்டு விலக்கிய கண்ணை உடனே மறுபடி அங்கேயே கொண்டுபோனால் கீழே இறங்குவீர்கள்.

தமிழில் இதற்குத் தனி வசதி உண்டு, தனி ஆபத்தும் உண்டு. நீ, நீங்க, வாடா, வாங்க என்று சொல்லே உயரத்தைச் சொல்லிவிடுவதால், நடிகர்கள் உடம்பை மறந்து சொல்லிலேயே சாய்ந்துகொள்கிறார்கள். அதனால் சொல்லையும் உடம்பையும் எதிரெதிராக ஓட்டச் சொல்ல வேண்டும். டீக்கடைக்காரர் "வாங்க சார், உக்காருங்க" என்கிறார். ஆனால் கல்லாவில் சாய்ந்தபடி, கண்ணிமைக்காமல், மெதுவாக. வந்த அதிகாரி "ஒரு டீ போடுப்பா" என்கிறார். சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு. இருவர் வாயிலும் மரியாதை மாறவில்லை, பாக்கி யார் யாருக்கு என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

இடைவெளியைக் குறைத்தே வைக்க வேண்டும். எதிராளியைவிட ஒரு படி மேலே, அல்லது ஒரு படி கீழே. பத்துப் படி எடுத்தால் ராஜாவும் அடிமையும்தான் மிஞ்சுவார்கள். அந்தக் காட்சி நகராது.

ஜூன் 12, வியாழன்

முதல் மூன்று வசனங்கள். அதற்குள் உறவும் இடமும் வந்துவிட வேண்டும். "யாரு நீ? இங்க என்ன பண்றே?" என்று தொடங்குவது சுமையை எதிராளி தலையில் ஏற்றுவது. "அக்கா, வளையலை மீட்டுட்டேன்" என்றால் உறவு, அடகு, கடன் மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன. இடத்தைக் கைகள் பார்த்துக்கொள்ளும்: அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருக்கட்டும்.

இனி பதில். அவசரப்படக் கூடாது, ஒரு முழு மூச்சு விட்டு, கேட்ட கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லலாம்: "மீட்டுட்டியா." அந்த இடத்தில் முறம் நிற்க வேண்டும். முறம் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால், சொன்னது அக்காவின் காதில் விழவில்லை என்றுதான் பொருள். அங்கேயே நிறுத்தி, முதல் வரியிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும்.