பார்த்துச் சொன்னவனுக்கும் ஒரு பதக்கம்

போரில் வென்றவனுக்கும் உயிர் காத்தவனுக்கும் பதக்கம் உண்டென்பது எல்லோருக்கும் தெரியும். போய்ப் பார்த்து வந்து சொன்னவனுக்கென்றே ஒரு பதக்கம் இருப்பதை அண்மையில்தான் அறிந்தேன். 1870இல் சிம்லாவில் யுனைடெட் சர்விஸ் இன்ஸ்டிடியூஷன் என்ற படைத்துறை நிறுவனத்தைத் தொடக்கிய சேர் சார்ல்ஸ் மக்கிரெகரின் நினைவாக 1888இல் ஏற்படுத்தப்பட்ட மக்கிரெகர் பதக்கம், இந்தியப் படையினருள் அறியாத நிலங்களுக்குச் சென்று படைக்குப் பயன்படும் செய்தி கொண்டுவந்தவர்களுக்கு உரியது. கோபிப் பாலைவனத்தைக் கடந்த பிரான்சிஸ் யங்ஹஸ்பண்ட் தொடக்க ஆண்டுகளில் அதைப் பெற்றவர். பிற்காலத்தில், 1978இல் சியாச்சென் பனியாற்றில் ஏறித் திரிந்து அதன் நிலையை அறிந்து வந்த கேணல் நரேந்திர குமாருக்கும் அது கிடைத்தது. பனிக்கடியால் நான்கு கால்விரல்களை முன்பே இழந்திருந்த மனிதர் அவர். ஆறு ஆண்டுகளின் பின் இந்தியப் படை அங்கே ஏறியது.

இது நமக்குப் புதிய எண்ணமும் அன்று. பகைவரின் ஆநிரை கவர்தலைப் பாடும் வெட்சித் திணையிலே ‘புலனறி சிறப்பு’ என்றொரு துறை உண்டு: கவர்ந்த ஆநிரையைப் பங்கிடும்போது, பகைப்புலத்தின் நிலையை ஒற்றி வந்து சொன்னவர்களுக்கு மற்றவர்களிலும் மிகுதியாகக் கொடுத்துச் சிறப்பித்தல்.

1986இலிருந்து சாகசப் பயணங்களும் மக்கிரெகர் பதக்கத்துக்குள் வந்துவிட்டன. அதனால், 2012 நவம்பரில் மும்பையிலிருந்து பாய்க்கப்பலில் தனியே புறப்பட்டு, எங்கும் தரிக்காமல் உலகைச் சுற்றி மீண்ட கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியும் அதைப் பெற்றார். திருகோணமலை என்ற துறைமுகத்து ஊர்க்காரன் என்பதால் எனக்கு இதில் மகிழ்ச்சியே; ஆயினும் வேவையும் சாகசத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா என்ற ஐயம் போகவில்லை. சாகசக்காரன் திரும்பி வந்தால் போதும். வேவுகாரன் திரும்பாவிட்டாலும் அவன் கண்டது திரும்பி வந்தாக வேண்டும்.

1942 ஏப்ரல் 4ஆம் திகதி தென்னிலங்கையின் கொக்கலையிலிருந்து கட்டலினா விமானத்தில் பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சால், யப்பானியக் கப்பற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன் கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பினார். மறுநாள் தாக்கப்பட்ட கொழும்புக்கு அதுவே முன்னறிவிப்பு. அவருக்குச் சிறப்புப் பறத்தல் சிலுவை (Distinguished Flying Cross) என்ற விருது கிடைத்தது. ஆனால் 1945 வரை அவர் போர்க்கைதி.

எங்கள் ஊர்மீது குண்டு விழுந்த அதே ஏப்ரல் 9ஆம் திகதி காலையும் கொக்கலையிலிருந்து எழுந்த இன்னொரு கட்டலினா அதே கப்பற்படையைக் கண்டது. செய்தி பாதியில் அறுந்தது. விமானத்திலிருந்த எவரும் மீளவில்லை. அம்மம்மா சொல்லும் கதையில், துறைமுகத்தை விட்டு முந்திய இரவே வெளியேறிய கப்பல்களும், யப்பானிய விமானம் மோதிச் சீனக்குடாவில் நாட்கணக்கில் எரிந்த எண்ணெய்த் தாங்கியும் இருந்தன. அந்தக் கட்டலினா இருக்கவில்லை.