உன் கேரக்டருக்கு என்ன வேணும்? மேசையில் ரோல்-பிளே பழகும் முறை

ஆளுக்கொரு கேரக்டராக மாறிப் பேசி (இதுதான் ரோல்-பிளே), டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதை ஆடத் தொடங்கி நாலைந்து செஷன் முடிந்தால் விதிகள் ஓரளவு கைக்கு வந்துவிடும். எந்த டைஸை எப்போது உருட்டுவது, ஒரு டர்னில் எதெல்லாம் செய்யலாம் என்பதில் குழப்பம் இருக்காது. ஆனால் ஆட்டத்தை நடத்தும் டி.எம். (டஞ்சன் மாஸ்டர்) திரும்பி, "சரி, உன் கேரக்டர் இப்ப என்ன சொல்றா?" என்று கேட்டதும் வாய் அடைத்துப்போகும். இதற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த முதல் பதிப்பே பொம்மை வீரர்களை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்ததுதான். அந்தப் பிறவிக்குணம் இன்னும் போகவில்லை. வாளை எப்படி வீசுவது என்று விதிப்புத்தகம் விலாவாரியாகச் சொல்லும், ஒரு காவலாளியிடம் எப்படிப் பேசுவது என்பதைச் சில பத்திகளில் முடித்துவிடும். மீதியை நாமேதான் பழகிக்கொள்ள வேண்டும். கீழே வரும் எண்கள் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கணக்கு.

முதலில் கேரக்டர் ஷீட், அதாவது உங்கள் கேரக்டரின் விவரங்களை எழுதும் தாள். 2014 பதிப்பின் ஷீட்டில் குணம், இலட்சியம், பிணைப்பு, குறை என்று நான்கு பெட்டிகள் உண்டு. "தைரியசாலி", "குடும்பப் பாசம் அதிகம்" என்று எழுதி மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த வார்த்தைகளை வைத்து மேசையில் ஒரு முடிவும் எடுக்க முடியாது. அதற்குப் பதில், உங்கள் கேரக்டரின் பெயர் மிரா என்றால், இப்படி எழுதிப் பாருங்கள்: "மிராவின் தம்பி கடனுக்கு ஈடாக உப்புச் சுரங்கத்தில் கிடக்கிறான். மீட்க 300 தங்கக் காசு வேண்டும். கையில் இருப்பது 40." இனி கல்லறைக்குள் ஒரு வெள்ளிக் கோப்பை தட்டுப்பட்டால் மிரா சும்மா கடந்து போக முடியாது. எடுப்பாளா, ஒளிப்பாளா, பங்கு பிரிப்பாளா என்று கேள்வி தானாக எழும். தொகை, ஆள், இடம் மூன்றும் இருந்தால் ஆசை வேலை செய்யும்.

பின்கதை அரைப் பக்கம் போதும். பத்துப் பக்கம் எழுதினால் டி.எம். படிக்கமாட்டார், படித்தாலும் அவர் நுழைய இடமிருக்காது. "டிராகனைக் கொன்ற மாவீரன்" என்று எழுதிவிட்டு, முதல் லெவலில் கோப்ளின் என்ற குட்டி அரக்கனிடம் இரண்டு அடி வாங்கிச் சாய்ந்தால் மேசையே சிரிக்கும். சாதனைகளை இனிமேல் நடக்கவிருப்பதற்கு விட்டுவைத்து, பின்கதையில் கடனையும் பகையையும் எழுதுங்கள். யாரோடும் ஒட்டாமல் மூலையில் முக்காடு போட்டு உட்காரும் தனியனை மட்டும் தவிர்த்துவிடுங்கள். புதியவர்கள் அதிகம் எடுப்பது அவனைத்தான், மூன்றாவது செஷனில் சலித்துப்போவதும் அவனால்தான். ஆட்டம் தொடங்குமுன் கூடிப் பேசும் செஷன் ஜீரோவில் பக்கத்தில் இருப்பவரிடம், "என் கேரக்டர் உன் கேரக்டருக்கு என்ன கடன்பட்டிருக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பார்ட்டியோடு (மற்ற கேரக்டர்களின் குழுவோடு) ஏன் சேர்ந்து போகிறாள் என்பதற்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

இப்போது மேசைக்கு வருவோம். இரவு, நகர வாசல் மூடியாகிவிட்டது. காவலாளி ஒருவன் நிற்கிறான். "நான் பர்சுவேஷன் உருட்டுறேன்" என்று ஒருவர், பேசிச் சம்மதிக்க வைக்கும் சோதனைக்காக, டைஸைத் தூக்குகிறார். இதில் டி.எம்.முக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. இன்னொருவர் ஐந்து நிமிடம் வசனம் பேசுகிறார், கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் காவலாளி எதற்காகக் கதவைத் திறக்க வேண்டும் என்பது அதில் இல்லை. மூன்றாமவர் சொல்வதைக் கவனியுங்கள்: "மிரா அவன் பூட்ஸைப் பார்க்கிறா. நனைஞ்சிருக்கா? அப்ப சூடான சூப் இருக்கிற பாத்திரத்தை நீட்டி, 'உங்க கேப்டன் உள்ளே கணப்பு பக்கத்துல இருப்பாரு இல்ல?'ன்னு கேக்கறா. கேப்டன் மேல அவனுக்குக் கோபம் வரணும், சின்னக் கதவை மட்டும் திறக்கணும்." என்ன வேண்டும், எப்படிக் கேட்கிறாள், அவன் ஏன் ஒப்புக்கொள்வான் ஆகிய மூன்றும் முப்பது நொடியில் வந்துவிட்டன. வசனம் பேச வராதவர்கள் இதையே "கேட்கிறாள், சொல்கிறாள்" என்று படர்க்கையில் சொன்னாலும் ரோல்-பிளேதான். தெருக்கூத்தில் திரைக்குப் பின்னால் நின்று தன்னைத்தானே படர்க்கையில் பாடி வரும் ராஜாவை யாரும் குறை சொல்வதில்லையே.

இதற்கு எண்ணிலும் பலன் உண்டு. மிராவின் கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) 14 என்றால் +2, பர்சுவேஷனில் பயிற்சிக்கு +2, டைஸில் விழுவதோடு கூட்ட மொத்தம் +4. நடுத்தரச் சிரமத்துக்கு இலக்கு 15, ஆகவே இருபது முக டைஸில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 50 சதவீதம். சூப் உத்தியைக் கேட்ட டி.எம். அட்வான்டேஜ் கொடுத்தால் இரண்டு டைஸில் பெரியதை எடுப்பீர்கள், வாய்ப்பு 75 ஆகும். இலக்கை 10-ஆகக் குறைத்தாலும் அதே 75. அழகான தமிழுக்கு எந்த டி.எம்.மும் போனஸ் தரத் தேவையில்லை, எதிராளியின் தேவையைத் தொட்ட பேச்சுக்குத் தரலாம்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உருக்கமாகப் பேசி முடித்துவிட்டு உருட்டினால் 3 விழும். இவ்வளவு நன்றாகப் பேசியும் தோற்றதா என்று எரிச்சல் வரும். உத்தியை மட்டும் சொல்லி, முதலில் உருட்டிவிட்டு, விழுந்த எண்ணுக்கு ஏற்ப வசனத்தைப் பேசுங்கள். 3 விழுந்தால் சூப் அவன் கைமேல் கொட்டலாம், கேப்டன் அவன் சித்தப்பாவாக இருக்கலாம். பர்சுவேஷன் போன்ற பண்புச் சோதனையில் 1 விழுந்தால் தானாகத் தோல்வி என்று ஐந்தாம் பதிப்பில் விதியே கிடையாது, அது தாக்குதல் உருட்டலுக்கு உரியது. 1 விழும்போதெல்லாம் கேரக்டரைக் கோமாளி ஆக்குவது சில மேசைகளின் கெட்ட பழக்கம்.

குரல் மாற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வந்தால் நல்லது, வராவிட்டால் குடி முழுகாது. தமிழில் ஆடுகிறவர்களுக்கு அதைவிடக் கூர்மையான கருவி கையிலேயே இருக்கிறது: நீ, நீங்க, நீர். செந்தமிழில் பேசுகிறேன் என்று ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். பதிலாக, மிரா கேப்டனை எப்போதும் "நீங்க" என்று அழைக்கட்டும். அவன் காட்டிக்கொடுத்தது தெரிந்த இரவில் ஒரே ஒரு "நீ". மேசையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடுத்து, மேசைகளை உடைக்கும் வாக்கியம்: "என் கேரக்டர் அப்படித்தான்." பார்ட்டியின் மருந்தைத் திருடிவிட்டு, கைதியைக் கேட்காமல் வெட்டிவிட்டு, இப்படிச் சொல்வார்கள். கேரக்டரை எழுதியவர் நீங்கள்தானே? ஒரு சூழலில் அவள் செய்யக்கூடியவை எப்போதும் இரண்டு மூன்று இருக்கும். அவற்றில் மற்றவர்களுக்கு ஆட இடம் விடுவதைத் தேர்ந்தெடுங்கள். மிரா கோப்பையைத் திருடலாம், ஆனால் நேர்மை தவறாத வீரனான பாலடின் பார்க்கும்படி திருடட்டும். அப்போதுதான் அங்கே ஒரு காட்சி பிறக்கும். யாருக்கும் தெரியாமல் திருடினால் அது டி.எம்.முக்கும் உங்களுக்கும் இடையிலான தனிக் கணக்கு, மற்ற மூன்று பேர் போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். ரகசியத்தைக் கேரக்டர்களிடம் மறையுங்கள், ஆடுகிறவர்களிடம் மறைக்காதீர்கள்.

நேரக் கணக்கையும் மனதில் வையுங்கள். மூன்று மணி நேரச் செஷன், டி.எம். தவிர நாலு பேர். சண்டை, விதி விவாதம், டீ எல்லாமாகப் பாதி போய்விடும். மீதி 90 நிமிடத்தில் பாதி டி.எம். பேசுவார். ஆளுக்குக் குத்துமதிப்பாகப் பதினோரு நிமிடம். உங்கள் சோகக் கதைக்கு அரை மணி நேரம் எடுத்தால் மூன்று பேரின் பங்கை விழுங்கியிருக்கிறீர்கள். ரொம்ப நேரமாக வாய் திறக்காத ஒருவரின் கேரக்டரிடம் பெயர் சொல்லிக் கேள்வி கேட்பது, நல்ல வசனத்தைவிடப் பெரிய திறமை.

தெரிந்ததைத் தெரியாததுபோல் ஆடுவதும் பழக்கத்தில்தான் வரும். ட்ரோல் என்ற ராட்சதன் தன் டர்ன் தொடங்கும்போது 10 உயிர்ப்புள்ளியைத் திரும்பப் பெறும், நெருப்போ அமிலமோ பட்டால் அடுத்த டர்னில் அது நடக்காது. இது பழைய ஆட்டக்காரர் எல்லோருக்கும் மனப்பாடம். ஆற்றங்கரைக் கிராமத்தை விட்டு வெளியே வராத மிராவுக்கு? "அவளுக்கு இது தெரிஞ்சிருக்குமா?" என்று டி.எம்.மிடம் நேராகக் கேளுங்கள். தெரியாது என்றால் வெட்டிய காயம் மூடுவதைப் பார்த்துப் பயப்படுங்கள். தீப்பந்தத்தை வீச அதுவே காரணம் ஆகும்.

கொடுமை, குழந்தைகளுக்குத் தீங்கு போன்ற விஷயங்களில் எது வேண்டாம் என்பதைச் செஷன் ஜீரோவிலேயே பேசிவிடுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் வடிவமைத்த எக்ஸ்-கார்டும் எளிது: மேசை நடுவில் எக்ஸ் எழுதிய அட்டை, யாராவது தொட்டால் அந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டும், காரணம் கேட்கக்கூடாது.

பயிற்சியை ஒரே நாளில் திணிக்காதீர்கள். முதல் இரண்டு செஷனில் ஆசையை வைத்து முடிவெடுப்பது மட்டும். அடுத்த இரண்டில், உருட்டியபின் பேசுவது. அதன்பின் மற்றவர்களைக் காட்சிக்குள் இழுப்பது. ஒவ்வொரு செஷன் முடிந்ததும், வீட்டுக்குக் கிளம்புமுன், ஷீட்டின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள்: இன்று மிரா எதை இழந்தாள், யார்மேல் அவள் எண்ணம் மாறியது, 300-இல் இன்னும் எவ்வளவு பாக்கி. அடுத்த வாரம் டி.எம். "போன தடவை எங்க விட்டோம்?" என்று கேட்கும்போது அந்த மூன்று வரியை மிராவின் வாயால் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.